வந்த கடிதங்களே வந்தன

கடிதம் மிகுதியாக வருகிறது என்று எந்தப் பங்குக் குருவாவது குறைப்பட்டுக்கொண்டதை நேயர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். பதில் எழுத நேரமில்லை என்போம். எழுதியது போய்ச் சேரவில்லை என்போம். வருவது அதிகம் என்று மட்டும் சொல்ல மாட்டோம். அப்படிச் சொல்லும் நிலை 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நமக்கு வந்தது.

குருக்களுக்குரிய வருடாந்தர தியானத்தை முடித்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை மாலை பங்குக்குத் திரும்பியிருந்தோம். ஞாயிறு முழுதும் பூசைகளும் நோயாளர் சந்திப்புமாகக் கழிந்தது. திங்கள் காலையில்தான் அலுவலக அறையைத் திறந்து கணினியின் முன் அமர்ந்தோம். ஒரு வாரத்துக் கடிதங்கள் பத்தோ பதினைந்தோ காத்திருக்கும் என்பது நமது கணக்கு. இணைப்புக் கிடைத்ததும் கடிதங்கள் இறங்கத் தொடங்கின. இறங்கின, இறங்கின, இறங்கிக்கொண்டே இருந்தன. இடையில் நாம் எழுந்து சென்று, வாசலில் நின்ற ஒருவருக்கு நற்சான்றுக் கடிதம் ஒன்றில் கையெழுத்திட்டுத் திரும்பிய பின்னும் ஓயவில்லை. ஒருவழியாக நின்றபோது பார்த்தோம்: 412 கடிதங்கள்.

முதலாவது கடிதம், நாம் இப்பங்குக்கு மாற்றலாகி வந்த 2021-ஆம் ஆண்டில் அண்டைப் பங்குக் குரு நல்வரவு கூறி எழுதியது. அந்த அன்பர் அதன்பின் இரண்டு பங்குகள் மாறிவிட்டார். அவருடைய நல்வரவு மட்டும் அன்றுதான் வந்தது போலத் தடித்த எழுத்தில் நின்றது. அடுத்தது கூரை ஓடு மாற்றக் கொத்தனார் கொடுத்த மதிப்பீடு. ஓடு மாற்றி இரண்டு மழைக்காலம் போய்விட்டது. அதன்பின் கிறிஸ்து பிறப்பு வாழ்த்துக்கள், கல்லறைத் தோட்டத்துச் சுவர் பற்றிய வழக்கறிஞர் கடிதம், ஒரு பெட்டிக்கடைக்காரர் தவறுதலாக நமக்கு அனுப்பிய மின்கட்டண இரசீது. எல்லாம் படித்தவை, பதில் எழுதியவை, நாமே தேவையில்லை என்று அழித்தவையும் அவற்றுள் உண்டு. அழித்த கடிதம் எழுந்து வருவதைக் கண்டபோது நமக்குச் சற்றே அச்சம் உண்டானது என்பதை மறைப்பதற்கில்லை.

இறுதியில் மூன்று புதிய கடிதங்கள் இருந்தன. தியான வாரத்தின் முதல் இரு நாட்களில் வந்தவை. அவற்றைப் படித்தோம். இரண்டுக்கு உடனே பதிலும் எழுதினோம். அவை ஒழுங்காகப் போயின. ஆகவே பழையன திரும்பி வந்தாலும் புதியன தடையின்றி வருகின்றன, நாம் எழுதுவதும் போகிறது என்று நம்பினோம். அந்த நம்பிக்கையே பின்னால் நம்மை வெட்கப்படச் செய்தது.

திரும்பி வந்த பழையவற்றை எல்லாம் தெரிவு செய்து குப்பைக் கூடைக்கு அனுப்பிவிட்டு எழுந்தோம். நண்பகலில் திறந்தால், மீண்டும் 412. நல்வரவு, ஓட்டு மதிப்பீடு, வாழ்த்துக்கள். மாலையில் மறுபடியும். செவ்வாயும் அப்படியே, புதனும் அப்படியே. நாளைக்கு மூன்று முறை கணினியைத் திறப்பது நமது வழக்கம். மூன்று முறையும் அதே ஊர்வலம். அழிப்பதே ஒரு நித்திய கடமையாகிவிட்டது.

நமது கோவில்பிள்ளை அறுபதைத் தாண்டியவர். எதற்கும் அவரிடம் ஒரு பரிகாரம் உண்டு. அறைவாசலில் நின்று வேடிக்கை பார்த்தவர், “சாமி, கொஞ்சம் தீர்த்தம் தெளிச்சுப் பாருங்களேன்” என்றார். தீர்த்தத்துக்குக் குறைவில்லை, கணினிக்குத்தான் தண்ணீர் ஆகாது என்றோம். நகரத்தில் கணினி பழுது பார்க்கும் ஒருவரைத் தொலைபேசியில் கேட்டோம். நாம் பேசி முடிக்குமுன்னரே, “அந்த மென்பொருளை நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்” என்று வைத்துவிட்டார். நல்ல வேளையாக அதை எப்படிச் செய்வது என்று நமக்குத் தெரியவில்லை. செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

வியாழக்கிழமை மாலை, விளக்கு வைக்கும் நேரம். பங்கு இல்லத்துப் படியருகில் ஒரு தாய் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை. அந்தக் குடும்பத்தை நேயர்களுக்குச் சற்றே அறிமுகப்படுத்த வேண்டும். 2023-ஆம் ஆண்டுத் திருவிழா வரி விஷயத்தில் அவருடைய கணவருக்கும் ஊர்க் கமிட்டிக்கும் வாய்த்தகராறு ஏற்பட்டது. கூட்டத்தில் நாமும் அவரிடம் சற்றுக் கடுமையாகப் பேசிவிட்டோம். அது முதல் அவர் பின்வரிசையில் நின்று பூசை கண்டு, முதல் ஆளாக வெளியேறிவிடுவார். மனைவி மட்டும் வருவார், போவார். அவர்களுடைய மகள் வளைகுடா நாடொன்றில் செவிலியாகப் பணிபுரிகிறாள்.

“என்ன அம்மா, வெளியிலேயே நின்றுவிட்டீர்கள்?” என்றோம்.

“சாமி, கோவில் வரி விஷயத்துல உள்ள வருத்தத்த எங்க பிள்ளை கல்யாணத்துல காட்டிராதீங்க சாமி” என்றார் அந்தத் தாய். குரல் நடுங்கியது.

நமக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்டறிந்தபோது விளங்கியது இது: மகளுக்கு மணம் பேசி முடித்திருக்கிறார்கள். மணமகனின் பங்கு வேறு மாநிலத்தில். அங்குள்ள குரு, மணமகளின் ஞானஸ்நானச் சான்றிதழ் புதிதாக எடுத்ததாக வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்கவேண்டும் என்பது வழக்கமல்லவா? நமது பங்கிலும் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, தடையேதுமில்லை என்று எழுதி அனுப்பவேண்டும். பெண்ணுக்குக் கிடைத்திருப்பது இருபது நாள் விடுமுறை. அந்த நாட்களுக்குள் திருமணம். வரும் ஞாயிறு முதல் ஓலை வாசித்தால்தான் கணக்குச் சரியாக வரும். இவ்வளவையும் விவரமாக எழுதி, கேட்ட தாள்களையும் இணைத்து, அந்தப் பெண் நமக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறாள். ஒன்றல்ல, மூன்று. நாம் தியானத்தில் இருந்தபோது புதன்கிழமை ஒன்று, இந்தத் திங்கள் ஒன்று, முந்தின நாள் ஒன்று. ஒன்றுக்கும் பதில் இல்லை. வேறொரு குடும்பத்துக்குச் சாமியார் திங்கட்கிழமையே பதில் எழுதியிருக்கிறார் என்ற செய்தியும் அவர்கள் காதுக்கு எட்டியிருக்கிறது. கணவர், “நான் அப்பவே சொன்னேன்லா, அவரு மறக்கமாட்டாரு” என்றாராம்.

அந்த ஒரு சொல் நமது நெஞ்சில் தைத்தது. கூட்டத்தில் நாம் பேசியது ஐந்து நிமிடம். அதன்பின் ஓராண்டாக நாம் மௌனமாக இருந்தோம். அவரும் மௌனமாக இருந்தார். இப்போது வந்த இந்த மௌனத்தை அவர் அந்த மௌனத்தோடு சேர்த்துப் படித்துவிட்டார். அவரைக் குறைகூற நமக்கு வாயில்லை.

ஆனால் அந்த நேரத்தில் நம்மை வாட்டியது வேறொரு எண்ணம். மூன்று நாட்களாகக் கடிதங்களைக் கட்டுக் கட்டாக அழித்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் பெண்ணின் கடிதத்தையும் பழையவற்றோடு சேர்த்து அழித்துவிட்டோமோ? தாயிடம் உண்மையைச் சொன்னோம். கணினி கெட்டுப்போயிற்று என்று சொன்னால் அது எவ்வளவு மெலிந்த சாக்காக ஒலிக்கும் என்பதை அன்றுதான் அறிந்தோம். “நாளைக்குள் சொல்கிறேன் அம்மா, ஓலை ஞாயிற்றுக்கிழமை வாசிக்கப்படும்” என்று கூறி அனுப்பினோம். அவர் நம்பினாரா என்பது முகத்தில் தெரியவில்லை.

கோவில்பிள்ளையின் பேரன் பாலிடெக்னிக்கில் கணினிப் பிரிவில் படிக்கிறான். தாத்தா ஆளனுப்பி அவனை அழைத்து வந்தார். விளையாட்டுத் திடலிலிருந்து அப்படியே வந்தவன், கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்தான். நாம் எதிர்பார்த்தது, அவன் கணினியின் உள்ளே எங்கெங்கோ நுழைந்து பார்ப்பான் என்று. அவன் செய்தது வகுத்தல் கணக்கு.

“சாமி, தியானத்துக்குப் போகும்போது குப்பைக் கூடையைக் காலி பண்ணினீங்களா?”

ஆம் என்றோம். அது நமது வழக்கம்.

“அந்தப் புதுக் கடிதம் மூணையுமா அழிச்சீங்க?”

முதல் முறை படித்து எடுத்து வைத்தோம். மறுபடி வந்தபோது அவையும் படித்தவைதானே என்று சேர்த்து அழித்தோம். எடுத்து வைத்த மூன்றையும் அவன் கூடையின் எண்ணிக்கையோடு கூட்டினான். மொத்தம் 4,944. அதை 412-ஆல் வகுத்தான். சரியாகப் பன்னிரண்டு, மீதியில்லை.

“பன்னிரண்டு தடவை வந்திருக்கு சாமி. மீதி ஒண்ணுகூட இல்லை. அப்படீன்னா திங்கள் காலையிலிருந்து புதுசா ஒரு கடிதம்கூட வரலை.”

நாம் நாற்காலியில் சாய்ந்துவிட்டோம். நான்கு நாட்களாகக் கடிதங்களின் வெள்ளத்தைக் கண்டு அலுத்துக்கொண்டிருந்த நமக்கு, உண்மையில் ஒரு புதிய கடிதமும் வரவில்லை என்பது தோன்றவேயில்லை. கடைசிக் கடிதத்தின் தேதியை ஒருமுறை பார்த்திருந்தால் போதும். ஒவ்வொரு முறையும் அது தியான வாரத்துச் செவ்வாய்க்கிழமையிலேயே நின்றிருந்தது. பதில்கள் தடையின்றிப் போனதும் ஒன்றை நிரூபிக்கவில்லை. கடிதம் அனுப்பும் வழி வேறு, பெறும் வழி வேறு. ஒன்று அடைபட்டாலும் மற்றது நடக்கும் என்று தம்பி விளக்கினான்.

பிறகு தன் கைப்பேசியில், மென்பொருளின் துணையில்லாமல், நமது கடிதப்பெட்டியை நேராகவே இணையத்தில் திறந்தான். அங்கே 436 கடிதங்கள் இருந்தன. 412 நம் வீட்டுக்கு வந்தவை. 413-ஆவது ஒரு பெரிய கடிதம். அதன் பின்னால் இருபத்துமூன்று கடிதங்கள் வரிசையில் நின்றன. ஆயர் இல்லத்துச் சுற்றறிக்கை ஒன்று. பள்ளித் தலைமையாசிரியரின் கடிதம் ஒன்று. அந்தப் பெண்ணின் கடிதங்கள் மூன்று. மூன்றாவதில் அவள் எழுதியிருந்த ஒரே வரியை இங்கே எழுத மனம் வரவில்லை.

அன்றிரவே இரும்புப் பெட்டியைத் திறந்து 1996-ஆம் ஆண்டுப் பதிவேட்டை எடுத்தோம். இக்காலத்தில் திருமுழுக்கு என்கிறோம். அட்டையில் ஞானஸ்நானப் புத்தகம் என்றுதான் இருக்கிறது. எண் 47. ஓரத்துப் பத்தியில் உறுதிபூசுதல் பெற்ற குறிப்பு. திருமணக் குறிப்பு இல்லை. சான்றிதழ் எழுதி, முத்திரையிட்டு, தம்பியின் கைப்பேசியில் படமெடுத்து இரவு பத்து மணிக்கு அனுப்பினோம். மூலத்தை மறுநாள் விரைவு அஞ்சலில் சேர்த்தோம்.

இனி இந்தத் தொல்லையின் காரணத்துக்கு வருவோம். தம்பி சொன்னதையும், அதன்பின் நாமே தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறோம்.

நமது அலுவலகக் கணினி கடிதங்களைப் பெறும் முறைக்குப் பாப்-3 என்று பெயர். அஞ்சல் நிலையத்துக்குச் சென்று நம் பெயருக்கு வந்ததைக் கேட்டு வாங்கி வருவது போன்ற முறை அது. 1988-ஆம் ஆண்டு நவம்பரில் மார்ஷல் ரோஸ் என்பவர் இதன் விதிகளை எழுதி வெளியிட்டார். இன்று வழக்கிலுள்ள வடிவம், அவரும் ஜான் மையர்ஸ் என்பவரும் சேர்ந்து 1996-ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 1939 என்னும் ஏடு. சிறிய கணினிகள் இரவும் பகலும் விழித்திருந்து கடிதங்களை ஏற்க இயலாது. ஆகவே விழித்திருக்கும் பெரிய கணினி ஒன்று, அதாவது சர்வர், அவற்றை வாங்கி வைத்திருக்கட்டும், சிறியது வேண்டும்போது வந்து எடுத்துச் செல்லட்டும் என்பதே இதன் கருத்து. எடுத்துச் சென்றபின் அங்கே இருப்பதை நீக்கிவிடுவதே ஆதி வழக்கம். அப்படி நீக்கினால் வந்த கடிதமே திரும்ப வருவதற்கு இடம் குறைவு.

ஆனால் நாம் நீக்கவில்லை. நமக்கு முன்னிருந்த குருவின் கணினி ஒரு நாள் இடி மின்னலில் கருகி, அவருடைய கடிதங்கள் யாவும் அதனோடு போயின. அந்தக் கதையைக் கேட்ட நாம், 2021-இல் கணினி அமைத்தபோதே, “ஒரு படி சர்வரிலும் இருக்கட்டும்” என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டோம். இது தவறல்ல. ஆயினும் அப்போது மென்பொருளுக்கு ஒரு புதிய கடமை வந்துவிடுகிறது. அங்கே இருப்பவற்றுள் எவற்றை ஏற்கெனவே எடுத்தோம், எவை புதியவை என்று அது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எப்படி நினைவில் வைக்கிறது? கடிதத்தைப் படித்தா? இல்லை. எழுதியவர் பெயரைக் கொண்டா? அதுவும் இல்லை. சர்வர் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு தனிக்குறி இடுகிறது. எழுபது எழுத்துக்கு மேற்படாத அந்தக் குறி, ஒரு பெட்டிக்குள் ஒரு கடிதத்துக்கு ஒன்றே. நம் மென்பொருள் தான் எடுத்த கடிதங்களின் குறிகளை ஒரு சிறிய கோப்பில் வரிசையாக எழுதி வைக்கிறது. அடுத்த முறை செல்லும்போது சர்வரிடம் குறிகளின் பட்டியலைக் கேட்டு வாங்கி, தன் கோப்போடு ஒப்பிட்டு, தன்னிடம் இல்லாத குறியுள்ள கடிதத்தை மட்டும் எடுத்து வருகிறது. குறி மாறினால் கடிதம் மாறிற்று என்பதே அதன் தீர்ப்பு. நகரத்து நண்பர் சொன்னபடி மென்பொருளை முழுவதும் நீக்கியிருந்தால் இந்தக் கோப்பும் அதனோடு போயிருக்கும். மறுபடியும் எல்லாமே புதியவையாகத் தோன்றியிருக்கும். நோய் தீரவே தீராது.

இதைக் கேட்டபோது நமக்கு நமது பதிவேடுதான் நினைவுக்கு வந்தது. நமது பங்கின் பழைய ஞானஸ்நானப் புத்தகம் ஒன்றைச் செல் அரித்துவிட்டது. அக்காலத்துக் குரு ஒருவர் மிகுந்த பாடுபட்டு, எஞ்சியதைப் புதிய புத்தகத்தில் பெயர்த்தெழுதினார். ஆனால் எண்களைப் புதிதாக ஒன்றிலிருந்து தொடங்கிவிட்டார். இன்றும் யாராவது முதியவர் தம் பழைய சான்றிதழின் எண்ணைச் சொல்லிக் கேட்டால், அந்த எண்ணில் வேறொருவர் இருப்பார். ஆள் இருக்கிறார், பதிவும் இருக்கிறது; எண் பொருந்தாததால் இல்லாதவர் போல ஆகிவிடுகிறார்.

நமது கடிதங்களுக்கு நேர்ந்ததும் அதுவே. நாம் தியானத்தில் இருந்த வாரத்தில், நமது கடிதப்பெட்டியை வைத்திருக்கும் நிறுவனத்தார் பெட்டிகள் அனைத்தையும் பழைய இயந்திரத்திலிருந்து புதிய இயந்திரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். மாற்றும்போது குறிகள் புதியனவாகிவிட்டன. அதனால்தான் மூன்றாண்டுக் கடிதங்களும் நம் மென்பொருளின் கண்ணுக்கு அன்று பிறந்தவையாகத் தோன்றின. இதுபற்றி அவர்கள் முன்கூட்டியே ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பும் அனுப்பியிருந்தார்கள். புதிய கடிதங்கள் மூன்றுள் நாம் பதில் எழுதாமல் விட்ட ஒன்று உண்டல்லவா? அதுதான். விளம்பரம் போலும் என்று மேலோட்டமாகப் பார்த்து வைத்தோம். பன்னிரண்டு முறை வந்தது. ஒருமுறையும் ஒழுங்காகப் படிக்கவில்லை.

குறிகள் மாறியது மட்டுமே என்றால் தொல்லை ஒரு நாளோடு தீர்ந்திருக்கும். ஒருமுறை எல்லாம் மீண்டும் இறங்கும், புதிய குறிகள் கோப்பில் ஏறும், மறுமுறை அமைதி. நமக்கு அப்படித் தீராததற்குக் காரணம் அந்த 413-ஆவது கடிதம்.

அதை அனுப்பியவர் நமது பங்கில் புகைப்பட நிலையம் வைத்திருக்கும் அன்பர். ஜூன் மாதத் திருவிழாவின் சப்பரப் பவனிப் படங்களை, ஒன்றையும் சிறிதாக்காமல், ஒரே கடிதத்தில் இணைத்து அன்போடு அனுப்பியிருந்தார். படங்களின் அளவு 18 மெகாபைட். மின்னஞ்சலில் படம் படமாகவே போவதில்லை. எழுத்துக்களாக மாற்றப்பட்டே போகிறது. மூன்று பைட்டுக்கு நான்கு எழுத்து என்பது அந்த மாற்றத்தின் கணக்கு. ஆகவே 18 என்பது 24 ஆகிவிடுகிறது. நமது ஊர் இணைப்பில் அது இறங்க நான்கைந்து நிமிடம் ஆகும்.

அது மட்டும் என்றாலும் பொறுத்திருந்தால் வந்துவிடும். இடையில் வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒன்று காவல் நிற்கிறது. வருகிற கடிதத்தை அது வாசலிலேயே வாங்கி, முழுவதும் சேர்ந்தபின் சோதித்து, அதன்பின்தான் உள்ளே விடும். சிறிய கடிதங்களுக்கு இது ஒரு நொடி. 24 மெகாபைட் முழுவதும் காவலாளியின் கையில் சேரும்வரை, உள்ளே காத்திருக்கும் மின்னஞ்சல் மென்பொருளுக்கு ஓர் எழுத்தும் வந்து சேராது. அதற்குக் கொடுக்கப்பட்டிருந்த பொறுமை ஒரு நிமிடம். ஒரு நிமிடம் பார்த்தது. சர்வர் உயிரோடு இல்லை என்று முடிவுகட்டி, இணைப்பைத் துண்டித்துவிட்டது. திரையின் அடிவரிசையில் சிறிய எழுத்தில் அதைச் சொல்லவும் சொன்னது. நாம் பார்க்குமுன் மறைந்துவிடும்.

துண்டித்தால் என்ன, வந்த 412-ஐயாவது குறித்துக்கொள்ளக் கூடாதா என்று நேயர்கள் கேட்கலாம். நாமும் தம்பியிடம் அதையே கேட்டோம். பாப்-3 முறையில் ஒரு சந்திப்பு, “க்விட்” என்ற விடைபெறும் சொல்லோடு முடிய வேண்டும். சில கடிதங்களை நீக்கும்படி சர்வரிடம் சொன்னாலும் அது உடனே நீக்காது. குறித்து மட்டும் வைத்துக்கொண்டு, விடைபெறும் சொல்லைக் கேட்ட பின்னரே நீக்கும். சொல்லாமல் இடையில் அறுந்துபோனால், ஒன்றையும் நீக்கக் கூடாது என்பது விதி. வழியில் கடிதம் தொலைந்துவிடக் கூடாதே என்ற நல்ல எண்ணத்தில் வைத்த விதி அது. நமது மென்பொருளும் அதே போக்கில், சந்திப்பு செவ்வையாக முடிந்தால்தான் தன் கோப்பில் குறிகளை எழுதுகிறது. 413-இல் ஒவ்வொரு முறையும் அறுந்ததால், இறங்கிய 412-இல் ஒன்றும் எழுதப்படவில்லை. மறுமுறை போகும்போது அதற்கு எல்லாமே புதுமை.

காரணம் தெரிந்தபின் மருந்து எளிது. திருவிழாப் படங்களைத் தம்பி தன் கைப்பேசியில் சேமித்துக்கொண்டு, அந்தப் பெரிய கடிதத்தைச் சர்வரிலிருந்தே நீக்கினான். பிறகு நமது கணினியைக் கடிதம் எடுக்கச் சொன்னோம். நல்வரவு, ஓட்டு மதிப்பீடு, வாழ்த்துக்கள் எல்லாம் பதின்மூன்றாம் முறையாக வந்தன. இம்முறை 412-இல் நிற்கவில்லை. 435 வரை ஓடி, தானாகவே விடைபெற்று முடிந்தது. மறுபடி எடுக்கச் சொன்னான். “புதிய கடிதங்கள் இல்லை.” கோவில்பிள்ளை வாசலிலிருந்து கைதட்டினார்.

அதன்பின் காத்திருக்கும் நேரத்தை ஒரு நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடமாக உயர்த்தினான். வைரஸ் காவலாளி, வரும் கடிதங்களை வாசலில் நிறுத்தும் வேலையை மட்டும் விடும்படி செய்தான். இணைப்புகளைத் திறக்கும்போது சோதிக்கும் வேலை அதற்கு இருக்கவே இருக்கிறது. மிகப் பெரிய கடிதமானால் தலைப்பை மட்டும் எடுத்து வந்து நம்மைக் கேட்கும்படியும் வைத்தான். சர்வரில் படி வைக்கும் குறியை எடுக்க நமக்கு மனமில்லை. முப்பது நாளுக்குப் பின் நீக்கிவிடு என்று எல்லை வைத்தோம்; கணினியிலுள்ள கடிதங்களை மாதம் ஒருமுறை தனி வட்டு ஒன்றில் படியெடுத்து, இரும்புப் பெட்டியில் பதிவேடுகளின் பக்கத்திலேயே வைத்துவிடுகிறோம்.

இந்த அனுபவத்தை மறைவட்டக் குருக்கள் கூட்டத்தில் சொன்னபோது, இது நமக்கு மட்டும் வந்த நோயல்ல என்று தெரிந்தது. ஒருவருக்கு எல்லாக் கடிதமும் இரண்டிரண்டாக வந்ததாம். இரண்டோடு நின்றுவிட்டால் அது வேறு நோய். ஒரே முகவரியை மென்பொருளில் இரண்டு முறை பதிவு செய்திருக்கிறார்கள், ஒன்றை நீக்கியதும் தீர்ந்தது. ஒரு கன்னியர் மடத்தில் வட்டில் இடமே இல்லாமல் போய், குறிகளை எழுதும் கோப்பு எழுதப்படாமல் நின்றதாம். பழைய படங்களை அகற்றிய அன்றே அங்கும் தொல்லை ஓய்ந்தது. எந்த எண்ணில் நிற்கிறது, எத்தனை முறை வருகிறது, வேறு வழியாகத் திறந்தால் பெட்டியில் என்ன இருக்கிறது: இவற்றைப் பாராமல் மென்பொருளை மாற்றுகிறவர்கள் வீணே அலைகிறார்கள் என்பது நமது அபிப்பிராயம்.

ஐமேப் என்ற வேறொரு முறைக்கு மாறிவிடும்படி தம்பி இன்றும் வற்புறுத்துகிறான். 1986-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் என்பவர் வகுத்தது. அதில் கடிதங்களின் இருப்பிடம் சர்வரே. கைப்பேசியிலும் கணினியிலும் நாம் பார்ப்பது ஒரே பெட்டியை. இரண்டிலும் படிப்பவர்களுக்கு அதுவே சிறந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. அங்கும் சர்வர் குறிகளை மாற்றிவிட்டதாக அறிவித்தால் எல்லாவற்றையும் மறுபடி இறக்கவே நேரும் என்று படித்த பிறகு, நம் ஆர்வம் சற்றுத் தணிந்தது. கைப்பேசியில் ஐமேப், அலுவலகத்தில் பாப்-3 என்று வைத்திருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசையில் முதல் ஓலை வாசித்தோம். பெண்ணின் பெயரைச் சொல்லி, இன்னாருடைய மகள் என்று தந்தையின் பெயரையும் வாசித்தபோது, பின்வரிசையைப் பார்த்தோம். அவர் நின்றிருந்தார். பூசை முடிந்ததும் வழக்கம்போல் முதல் ஆளாக வெளியேறவில்லை. நாம் வாசலுக்கு வந்ததும் அருகில் வந்து, “கம்ப்யூட்டர் சரியாயிட்டா சாமி?” என்று மட்டும் கேட்டார். சரியாயிற்று என்றோம். சென்ற ஆண்டுக் கூட்டத்தில் நாம் பேசியதைப் பற்றி நாமே இரண்டு சொல் சொன்னோம். அவர், “அது போவட்டும் சாமி” என்று கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

புகைப்பட அன்பர் அந்த வாரமே வந்து, “படமெல்லாம் வந்துச்சா சாமி? பதிலே காணோமே” என்றார். அடுத்த திருவிழாவுக்குப் படங்களை ஒரு பென் டிரைவில் போட்டு நேரில் கொண்டுவரும்படி கேட்டுக்கொண்டோம். பத்து வீடு தள்ளித்தான் அவருடைய நிலையம்.

இப்போதும் காலையில் கணினியைத் திறந்து “புதிய கடிதங்கள் இல்லை” என்று கண்டால், நாம் உடனே எழுந்துவிடுவதில்லை. கைப்பேசியை எடுத்துப் பெட்டியை நேராக ஒருமுறை திறந்து, கடைசிக் கடிதத்தின் தேதியைப் பார்த்துவிட்டே காப்பி அருந்தப் போகிறோம்.